ஆற்றுப் பாட்டைத் திருத்தியவர்

ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம்? எழுதியவருக்கா, மெட்டமைத்தவருக்கா, பாடியவருக்கா, பணம் போட்டுப் படமெடுத்தவருக்கா? சட்டப் புத்தகம் இதற்கு ஒரு விடை சொல்லும். பால் ராப்ஸன் என்ற அமெரிக்கக் கறுப்பரின் வாழ்க்கை வேறொரு விடை சொல்கிறது. நாடக மேடையில் பெயர்பெற்ற ஒரு பாட்டை அவர் 1936-ல் வெளிவந்த படத்திலும் பாடினார். அந்தப் பாட்டே அவர் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. பிறகு அதன் சொற்கள் தம் இனத்தாரின் தலையைக் குனிய வைக்கின்றன என்று உணர்ந்து, அவற்றை மாற்றிப் பாடத் தொடங்கினார். பாட்டைத் திருத்திய அந்த மனிதரின் வாயை அடைக்க அவருடைய நாட்டுச் சர்க்கார் பத்தாண்டுக் காலம் பாடுபட்டது. கலையில் ஈடுபாடுள்ளவர்களும், பொது வாழ்வில் உழைப்பவர்களும் ஒருங்கே அறிய வேண்டிய வரலாறு இது.

ராப்ஸன் 1898 ஏப்ரல் 9-ந் தேதி நியூ ஜெர்ஸி ராஜ்யத்தைச் சேர்ந்த பிரின்ஸ்டன் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை வில்லியம் டுரூ ராப்ஸன் அடிமையாகப் பிறந்தவர். வட கரோலினாவிலிருந்த ஒரு தோட்டத்தினின்றும் பதினைந்து வயதில் தப்பி ஓடி, வடக்கே வந்து, அரும்பாடுபட்டுப் படித்துப் பட்டம் பெற்று, கிறிஸ்தவப் பாதிரியாரானார். பிரின்ஸ்டன் சபையில் ஏற்பட்ட பிணக்கினால் அப்பதவியை இழந்தபோது, வீடுகளில் சாம்பல் அள்ளி வண்டியில் கொண்டுபோய்க் கொட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்த நிலையிலும் அவர் யாரிடமும் முறையிட்டதில்லை. தலை தாழ்ந்து நடந்ததுமில்லை. வேறோர் ஊரில் மீண்டும் சபைப் பணியை ஏற்றார். தாயார் மரியா லூயிஸா, பாலுக்கு ஆறு வயது நிறையுமுன் தீ விபத்தில் மாண்டார். ஆகவே, தாயில்லாப் பிள்ளைக்குத் தந்தையே ஆசானானார். சொல்லைத் தெளிவாக உச்சரிக்கவும், சபை நடுவே அஞ்சாமல் நிமிர்ந்து நிற்கவும் பையன் கற்றது அவரிடந்தான்.

1915-ல் ரட்கர்ஸ் கலாசாலையில் உபகாரச் சம்பளம் பெற்றுச் சேர்ந்தார் பால். அக்கலாசாலையின் நெடிய சரித்திரத்தில் அவர் மூன்றாவது கறுப்பு மாணவர். கால்பந்துக் குழுவில் இடம் கேட்டுப் போன முதல் நாளே, உடன் விளையாட வேண்டிய வெள்ளை மாணவர்கள் அவர் மூக்கை உடைத்தார்கள். மற்றொரு நாள் ஒருவன் பூட்ஸ் காலால் அவர் கையை மிதித்து நகங்களைப் பெயர்த்தான். ஆயினும் அவர் விலகிப் போகவில்லை. 1917, 1918 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்க தேசம் முழுமைக்குமான சிறந்த ஆட்டக்காரர்களின் வரிசையில் அவர் பெயர் இடம்பெற்றது. படிப்பிலும் முதலிடத்தில் நின்று, 1919-ல் பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பாகப் பேசும் கௌரவத்தைப் பெற்றார். அதைக் காணத் தந்தை உயிருடன் இல்லை. முந்தின ஆண்டே காலமாகிவிட்டார்.

அடுத்து கொலம்பியா சர்வகலாசாலையில் சட்டம் படித்தார். படிப்புச் செலவுக்காக வாரக் கடைசியில் கூலிக்குப் பந்தாடினார். 1921-ல் எஸ்லாண்டா குட் என்ற கல்வியறிவு மிக்க மாதை மணந்தார். 1923-ல் சட்டப் பட்டம் பெற்று வக்கீல் ஆபீஸ் ஒன்றில் அமர்ந்தார். அங்கே சுருக்கெழுத்து எழுதும் வெள்ளைப் பெண், கறுப்பன் சொல்லித் தான் எழுத முடியாது என்று மறுத்துவிட்டாள். ராப்ஸன் எழுந்து வெளியே வந்தார். பிறகு வக்கீல் தொழிலை நாடவேயில்லை. அமெரிக்க நீதிமன்றம் இவ்வாறு இழந்த குரலை நாடக மேடை ஏற்றுக்கொண்டது.

1924-ல் யூஜின் ஓநீல் எழுதிய நாடகங்களில் அவர் நடித்துப் பெயர் பெற்றார். 1925 ஏப்ரலில், லாரன்ஸ் பிரௌன் பியானோ வாசிக்க, நியூயார்க்கில் ஒரு கச்சேரி நடத்தினார். முதலிலிருந்து முடிவு வரை அதில் அவர் பாடியவை கறுப்பு மக்களின் பாடல்களே. பருத்திக் காட்டில் அடிமைகள் அழுதும் தேறியும் பாடிய பக்திக் கீதங்கள் அவற்றில் முக்கியமானவை. நாகரிகம் மிக்க சபைகளில் அதுவரை ஏளனமாகக் கருதப்பட்ட அப்பாடல்களை, உயர்ந்த சங்கீதத்துக்குரிய மரியாதையோடு அவர் மேடையேற்றினார். நிலத்தின் அடியிலிருந்து எழுவது போன்ற ஆழ்ந்த குரல் அவருடையது. கேட்டவர்கள் மெய்மறந்து அமர்ந்திருந்தார்கள்.

அந்தக் குரலை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுதான் நாம் தொடக்கத்தில் சொன்ன பாட்டு. எட்னா ஃபெர்பர் என்ற நாவலாசிரியை 1926-ல் ‘ஷோ போட்’ என்ற கதையை வெளியிட்டார். மிஸிஸிப்பி ஆற்றில் ஊர் ஊராகச் சென்று நாடகம் போடும் கப்பலொன்றின் கதை அது. அதை ஜெரோம் கெர்ன் இசையமைக்க, ஆஸ்கார் ஹாமர்ஸ்டைன் வசனமும் பாட்டும் எழுத, சங்கீத நாடகமாக்கி 1927 டிசம்பர் 27-ல் நியூயார்க்கில் அரங்கேற்றினார்கள். அதற்கு முன் அமெரிக்கச் சங்கீத நாடகம் என்றால் பெரும்பாலும் ஆட்டக்காரிகளின் வரிசையும், விகடமும், காதல் பாட்டுமே. ‘ஷோ போட்’ அந்த வழக்கத்தை உடைத்தது. திரை எழுந்ததும், பஞ்சுப் பொதிகளைச் சுமக்கும் கறுப்புத் தொழிலாளிகளே பாடினார்கள். கதையின் நடுவே, கப்பலின் முதன்மை நடிகையான ஜூலியின் உடலில் கறுப்பர் இரத்தமும் கலந்திருப்பது வெளியாகிறது. வெள்ளைக்காரனை அவள் மணந்தது மிஸிஸிப்பி ராஜ்யத்தில் குற்றம். சட்டத்திலிருந்து அவளைக் காக்க, கணவன் அவள் விரலைக் கீறி அந்த இரத்தத்தைச் சுவைத்து, தன் உடலிலும் கறுப்பர் இரத்தம் உண்டென்று சாதிக்கிறான். இத்தகைய காட்சியைக் களியாட்டத்துக்கு வந்த ஜனங்கள் அதுவரை கண்டதில்லை. நாடகம் 572 முறை நடந்தது.

அதில் ஜோ என்ற துறைமுகக் கூலியாள் பாடும் பாட்டுத்தான் ‘ஓல் மேன் ரிவர்’. கரையிலே மனிதர் வியர்வை சிந்தி உழைத்து மடிகிறார்கள். ஆறோ எதையும் பாராமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பது அதன் கருத்து. நியூயார்க்கில் அரங்கேறியபோது ராப்ஸனுக்கு வசதிப்படாமையால், ஜூல்ஸ் பிளெட்ஸோ அவ்வேஷத்தை ஏற்றார். 1928 மே மாதம் லண்டனில் டுரூரி லேன் அரங்கில் நாடகம் தொடங்கியபோது ராப்ஸனே ஜோவாகத் தோன்றினார். ஜோவுக்குக் கதையில் இடம் சிறிதே. ஆயினும் அந்த ஒரு பாட்டுக்காகவே ஜனங்கள் வந்தார்கள். 1932-ல் நியூயார்க்கில் மறுபடி நடந்தபோதும் இதே நிலைதான்.

ஆனால், கறுப்பர்களில் சிலருக்கு இந்த வெற்றி மகிழ்ச்சி தரவில்லை. அவர்களை இழிவாகக் குறிக்கும் சொல்லோடுதான் நாடகத்தின் முதற்பாட்டே தொடங்கிற்று. ஜோ நல்லவன், ஆனால் சோம்பேறி. அவன் துன்பத்தை உணர்கிறான். அதை நீக்க விரலையும் அசைப்பதில்லை. இத்தகைய வேஷத்தை இவ்வளவு பெரிய மனிதர் ஏற்கலாமா என்று அவர்கள் கேட்டார்கள். அக்கேள்விக்கு அப்போது ராப்ஸனிடம் விடையில்லை.

1936-ல் யூனிவர்ஸல் கம்பெனியார் நாடகத்தைப் பேசும் படமாக்கினார்கள். 1929-லேயே ஒரு படம் வந்ததுண்டு. அது பாதி ஊமை, பாதி பேச்சு. இந்த 1936-ம் ஆண்டுப் படமே மேடையின் உயிரை வெள்ளித் திரைக்குக் கொண்டு வந்தது. ஹாமர்ஸ்டைனே திரைக்கதை எழுதினார். கெர்னும் அவரும் சேர்ந்து புதுப் பாட்டுக்களும் அமைத்தார்கள். ஜேம்ஸ் வேல் டைரக்ட் செய்தார். ஐரீன் டன், ஆலன் ஜோன்ஸ், ஹெலன் மார்கன் ஆகியோர் முக்கிய பாத்திரங்கள். ஜோவாக ராப்ஸனும், அவன் மனைவி குவீனியாக ஹாட்டி மக்டானியலும் நடித்தார்கள்.

மேடையால் செய்ய முடியாத ஒன்றைச் சினிமா செய்யும் என்பதற்கு அப்படத்தில் அந்தப் பாட்டு வரும் பகுதியே சான்று. ஜோ படகுத்துறையில் உட்கார்ந்து பாடுகிறான். காமிரா அவனைச் சுற்றி மெல்ல வளைந்து வந்து, கடைசியில் அந்த முகத்தண்டை நெருங்கி நிற்கிறது. பிறகு, பாட்டின் பொருளே காட்சிகளாக விரிகிறது. மூட்டையின் பாரத்தால் வளைந்த முதுகும், சிறைச்சாலையும் தோன்றி மறைகின்றன. நாடகக் கொட்டகையின் கடைசி வரிசையில் இருந்தவர் அதுவரை குரலைத்தான் கேட்டார். இப்போது அந்த முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் கண்டார். கறுப்பு மனிதனின் முகத்தை இத்தனை கண்ணியத்தோடு அமெரிக்கப் படம் காட்டியது அக்காலத்தில் அபூர்வம்.

அதே படத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஜோவுக்கும் குவீனிக்கும் புதிதாகச் சேர்த்த பாட்டு, புருஷனின் சோம்பலை வைத்துச் சிரிப்பு மூட்டுவது. கலப்பினப் பெண்ணான ஜூலியின் வேஷம் வெள்ளை நடிகைக்கே தரப்பட்டது. கதாநாயகி முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைப் போலக் கூத்தாடும் ஒரு காட்சியும் உண்டு. ஒரே படத்துக்குள் கண்ணியமும் அவமானமும் அருகருகே இருந்தன. பாடும் வரையில் ராப்ஸன் அரசராக இருந்தார். பாட்டு முடிந்ததும் மறுபடி விகடத்துக்குரிய கூலியாளானார்.

இதற்குச் சற்று முன்புதான் சினிமாவில் அவர் ஒரு கசப்பான பாடம் கற்றிருந்தார். இங்கிலாந்தில் எடுத்த ‘ஸாண்டர்ஸ் ஆப் தி ரிவர்’ என்ற படத்தில் ஆப்பிரிக்கத் தலைவனாக நடித்தார். ஆப்பிரிக்கரின் கலைச் சிறப்பை உலகுக்குக் காட்டலாம் என்று நம்பியே அதை ஒப்புக்கொண்டார். 1935-ல் முழுப் படமும் வெளியானபோது, அது பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்துக்குப் பாடிய துதியாக இருந்தது. அந்தப் படத்தை அவர் பகிரங்கமாகவே வெறுத்து ஒதுக்கினார். நடிகன் தன் பங்கைச் செய்துவிட்டுப் போகிறான். அதை வெட்டி ஒட்டிப் பொருள் கொடுப்பவர்கள் வேறு. இந்த உண்மை அவருக்குத் தெளிவாகப் புலப்பட்டது.

அந்த ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் லண்டனில் வசித்தார். வேலையிழந்து, பாடிக்கொண்டே தெருவில் நடந்து வந்த வேல்ஸ் தேசத்துச் சுரங்கத் தொழிலாளிகளைக் கண்டு, அவர்களோடு சேர்ந்து தாமும் பாடி நடந்தார். அன்று தொடங்கிய நட்பு அவர் ஆயுள் முழுவதும் நீடித்தது. துன்பம் கறுப்பர்களின் தனிச் சொத்தல்ல என்பதை அத்தொழிலாளிகளிடம் அவர் கற்றார். ஸ்பெயினில் குடியரசைக் கவிழ்க்க பிராங்கோ படையெடுத்தபோது, 1938-ல் நேரே போர்க்களத்துக்குச் சென்று குடியரசு வீரர்களுக்குப் பாடினார். கலைஞன் நடுநிலை என்று சொல்லி ஒதுங்கி நிற்கும் காலம் முடிந்தது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அந்தக் காலத்தில்தான் அவர் ஆற்றுப் பாட்டில் கை வைத்தார். இழிசொல்லை நீக்கினார். கொச்சை உச்சரிப்பை விட்டார். எல்லாவற்றையும்விட முக்கியமாக, முடிவை மாற்றினார். மூலத்தில் கூலியாள் களைத்துப்போய், வாழ்விலும் பற்றின்றி, மரணத்துக்கும் அஞ்சிப் பெருமூச்சு விடுகிறான். ராப்ஸனின் பாட்டிலோ, அவன் அழுகையை விட்டுவிட்டு, உயிருள்ள வரையில் போராடுவதென உறுதி கொள்கிறான். மெட்டு அதுவே, ஆறும் அதுவே. கரையில் நிற்கும் மனிதன் மட்டும் மாறிவிட்டான். பிற்காலத்தில் எந்த மேடையில் ஏறினாலும் இப்படித்தான் பாடினார். தம்மை விமரிசித்த கறுப்பர்களுக்கு ஏழெட்டு ஆண்டுகள் கழித்து அவர் அளித்த விடை இதுவே.

நம் நாட்டின் சுதந்திரப் போரிலும் அவருக்கு அக்கறை இருந்தது. 1938-ல் லண்டனில் ஜவஹர்லால் நேருவுக்கு நடந்த வரவேற்பில் அவர் கலந்துகொண்டார். இருவரிடையேயும் நட்பு வளர்ந்தது. 1942-ல் நம் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டபோது, அவர் தலைமை வகித்த ஆப்பிரிக்க விவகாரக் கௌன்ஸில் நியூயார்க்கில் கூட்டம் நடத்தி இந்தியாவின் விடுதலையைக் கோரியது. அந்த நன்றியை இந்தியா மறக்கவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

1943 அக்டோபரில் அவர் நியூயார்க்கில் ஒத்தெல்லோவாக நடித்தார். வெள்ளை நடிகர்கள் சூழ அமெரிக்கப் பெருமேடையில் கறுப்பர் ஒருவர் அவ்வேஷம் தாங்கியது அதுவே முதல் தடவை. அந்நாடகம் 296 முறை நடந்தது. அந்நகரின் பெருமேடையில் வேறெந்த ஷேக்ஸ்பியர் நாடகமும் தொடர்ச்சியாக அத்தனை முறை நடந்ததில்லை. அப்போது அவர் புகழின் சிகரத்தில் இருந்தார். அங்கேயே அமர்ந்திருந்தால் செல்வமும் சுகமும் குறையாமல் வாழ்ந்திருக்கலாம். ஆனால், 1946-ல் தெற்கு ராஜ்யங்களில் கறுப்பர்களை வெறிக் கும்பல்கள் கொன்று தூக்கிலிட்டபோது, அவர் ஜனாதிபதி ட்ரூமனை நேரில் கண்டு, கொலையைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று கோரினார். ஜனாதிபதி இணங்கவில்லை. ராப்ஸனும் பணிந்து பேசவில்லை.

1949-ல் பாரிஸில் நடந்த சமாதான மகாநாட்டில் அவர் பேசியதைப் பத்திரிகைகள் திரித்து வெளியிட்டன. நாடெங்கும் துவேஷம் மூண்டது. அவ்வாண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நியூயார்க் ராஜ்யத்துப் பீக்ஸ்கில் என்ற ஊரில் அவர் கச்சேரிக்கு வந்தவர்கள் மீது கும்பல் கல்லெறிந்தது, கார்கள் நொறுங்கின, பலர் காயமடைந்தனர். 1950-ல் சர்க்கார் அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தது. உள்நாட்டு அரங்குகள் அவருக்குக் கதவடைத்தன. வெளிநாட்டுக்குப் போகவும் வழியில்லை. லட்சத்தில் புரண்ட வருமானம் சில ஆயிரங்களாகச் சுருங்கிற்று. கலாசாலை நாளில் அவர் ஈட்டிய பந்தாட்டக் கௌரவத்தையும் பட்டியலினின்றும் அழித்தார்கள்.

இதே காலத்தில் அவர் நடித்த படத்தையும் ஜனங்கள் பார்க்க இயலவில்லை. புதிதாக வர்ணப் படம் எடுக்க உரிமையை வாங்கிய எம்.ஜி.எம். கம்பெனி, 1936-ம் ஆண்டுப் படத்தைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. 1951-ல் வந்த புதுப் படத்தில் வில்லியம் வார்பீல்ட் ஜோவாக நடித்தார். பழைய ஜோ திரையிலும் இல்லை, மேடையிலும் இல்லை.

குரலுக்கு எல்லைக் கோடு போட முடியுமா? 1952 மே 18-ல் கனடா எல்லை ஓரத்தில், அமெரிக்க மண்ணில் நின்ற லாரி ஒன்றின் மீது ஏறி நின்று ராப்ஸன் பாடினார். எல்லைக்கு அப்பால் கனடாவில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் கூடிக் கேட்டார்கள். 1957-ல் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிகளின் விழாவுக்கு, அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியிலோடும் டெலிபோன் கம்பி வழியாக நியூயார்க்கிலிருந்து பாடினார். உடலைக் கட்டிப்போட்டவர்களால் பாட்டைக் கட்டிப்போட முடியவில்லை.

1958 ஏப்ரலில் அவருக்கு அறுபது வயது நிறைந்தபோது, இந்தியாவில் அதை விழாவாகக் கொண்டாடினார்கள். அமெரிக்க அதிகாரிகள் முகம் சுளித்தார்கள்; பிரதமர் நேரு விழாவுக்கு மனமார ஆதரவு தந்தார். பழைய கடனில் ஒரு பகுதி இவ்வாறு தீர்ந்தது. அவ்வாண்டு ஜூனில், அரசியல் கருத்துக்காகப் பாஸ்போர்ட்டை மறுக்க சர்க்காருக்கு அதிகாரமில்லை என்று வேறொருவர் வழக்கில் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளிக்கவே, ராப்ஸனுக்கும் விடுதலை கிடைத்தது. 1960-ல் ஆஸ்திரேலியா சென்று, ஸிட்னியில் கட்டிக்கொண்டிருந்த இசை அரங்கின் சாரங்களின் நடுவே, கட்டிடத் தொழிலாளிகளுக்குப் பாடினார். அங்கே முதல் கச்சேரி கூலியாட்களுக்கு நடந்தது என்பது பொருத்தந்தான்.

அவருடைய குறையையும் மறைப்பதற்கில்லை. ஸோவியத் ராஜ்யத்தில் நிறவெறி இல்லை என்று கண்ட மகிழ்ச்சியில், ஸ்டாலின் ஆட்சியில் நடந்த கொடுமைகளைக் கண்டிக்க அவர் வாய் திறக்கவில்லை. 1949-ல் மாஸ்கோவில், அடக்குமுறைக்கு ஆளாகியிருந்த யூத நண்பருக்காக மனம் வருந்தி, யூதரின் எதிர்ப்புப் பாட்டை அங்கேயே மேடையில் பாடினார். ஆனால் நாடு திரும்பிய பின் அதைப்பற்றி வெளிப்படையாகச் சொல்லவில்லை. தம் நாட்டுச் சர்க்காரிடம் காட்டிய அஞ்சாமையை அந்த ஒரு விஷயத்தில் அவர் காட்டத் தவறினார். அவரை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்தே எடை போடவேண்டும்.

1961 முதல் உடலும் உள்ளமும் தளர்ந்தன. 1963-ல் தாயகம் திரும்பினார். 1965-ல் மனைவி மறைந்தார். பிலடெல்பியாவில் தமக்கையின் வீட்டில் அடங்கி வாழ்ந்து, 1976 ஜனவரி 23-ல் எழுபத்தேழாம் வயதில் காலமானார். பின்னர் நாடு மெல்லக் கண் திறந்தது. 1995-ல் கால்பந்து வீரர்களுக்கான கௌரவ மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. மறைந்திருந்த 1936-ம் ஆண்டுப் படமும், பாதுகாக்கத் தக்க தேசியச் செல்வமென்று 1996-ல் அறிவிக்கப்பட்டது.

இன்று அந்தப் படத்தைப் பார்ப்பவர், இளமை மாறாத ராப்ஸன் பழைய சொற்களைப் பாடுவதைக் கேட்பார். பிலிமில் ஒரு முறை பதிந்தது பதிந்ததுதான். அதைத் திருத்த அவருக்கு வழியில்லை. ஆனால் பிற்காலக் கச்சேரிகளின் இசைத்தட்டுக்களில் திருத்திய பாட்டு இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரு மனிதர் தம் இனத்தோடு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்பது விளங்கும். அஸ்ஸாமியப் பாடகர் பூபேன் ஹஸாரிகா நியூயார்க்கில் படித்த நாளில் ராப்ஸனோடு பழகி, அப்பாட்டின் தூண்டுதலால் பிரம்மபுத்திரா நதியை நோக்கி ஒரு பாட்டு அமைத்தார். மிஸிஸிப்பிக் கரையில் எழுந்த கேள்வி நம் நாட்டு ஆற்றங்கரைக்கும் வந்து சேர்ந்தது.

ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம் என்று தொடக்கத்தில் கேட்டோம். எழுதிய ஹாமர்ஸ்டைனுக்கும் இசைத்த கெர்னுக்கும் உரிய புகழ் எவராலும் குறையாது. ஆயினும், பாட்டின் சொல்லுக்காகத் தம் தொழிலையும் பொருளையும் சுதந்திரத்தையும் பணயம் வைத்தவர் ராப்ஸன் ஒருவரே. பிறர் எழுதிக் கொடுத்த வேஷத்தை அவர் ஏற்றார். அதிலிருந்த அடிமைத்தனத்தை மட்டும் ஏற்க மறுத்தார். அந்த மறுப்பினாலே அப்பாட்டு அவருடையதாயிற்று.